ஆலைக் கழிவுநீர்: சுற்றுச்சூழல் இலாகாவிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றில் குடியிருக்கிறோம். லயங்களை இடித்த பிறகு தோட்டத்து ஓரத்தில் எழுந்த தாமான் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கால்வாய்; அதற்கு அந்தப் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குளங்கள். மழை கொட்டிய மறுநாள் விடிகாலையில் கால்வாய்த் தண்ணீர் கறுத்து ஓடுகிறது, திலாப்பியா மீன்கள் செத்து மிதக்கின்றன, நாற்றம் வீட்டுக்குள் வருகிறது. நகராண்மைக் கழகத்தில் சொன்னோம். "இது சுற்றுச்சூழல் இலாகாவின் வேலை" என்றார்கள். இலாகாவுக்கு எழுதினோம், சில நாள் கழித்து அதிகாரிகள் வந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது, பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். முன்பு ஒரு முறை அந்த ஆலைக்குக் கம்பவுண்டு (நீதிமன்றம் போகாமல் இலாகாவிடமே கட்டும் தண்டம்) போட்டதாகக் கேள்வி. கட்டிவிட்டு அவர்கள் பாட்டுக்கு நடத்துகிறார்கள். இந்த இலாகா மக்களுக்காக இருக்கிறதா, ஆலைக்காக இருக்கிறதா? ஏன் ஆலையை மூட மாட்டேன் என்கிறார்கள்? இன்னொன்று, என் கொழுந்தனார் அதே ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை செய்கிறார். எங்கள் புகாரால் அவர் பிழைப்பில் மண் விழுமோ என்ற பயமும் இருக்கிறது. (குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

பதில்: சகோதரிக்கு வணக்கம். முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களைச் சீர்செய்து கொடுக்கும் பொறியாளன் நான். எனக்குச் சம்பளம் பெரும்பாலும் ஆலைகளிடமிருந்தே வருகிறது. நான் சொல்வதை அந்தத் தகவலோடு சேர்த்து எடைபோட்டுக் கொள்ளுங்கள்.

இலாகா மக்களுக்காகவா, ஆலைக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். நடைமுறையில் அது உரிமம் என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது என்று சொன்னால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் உங்களுக்கு வேண்டிய பிடி அந்தத் தாளில்தான் இருக்கிறது. மலேசியாவின் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, குறிப்பிட்ட சில வகைத் தொழிலிடங்களை உரிமம் பெறாமல் யாரும் நடத்தக் கூடாது என்கிறது. செம்பனை எண்ணெய் ஆலை அவற்றில் ஒன்று. எத்தனையோ தொழிற்சாலைகள் பொதுவான கழிவுநீர் விதிகளின் கீழ் நடக்கும்போது, செம்பனை ஆலைக்கு 1977 முதல் தனி விதிமுறைகள், தனி உரிமம், அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம். கழிவுநீர் எந்த இடத்தில் வெளியேறலாம், எந்த நீர்நிலைக்குப் போகலாம், அல்லது தோட்டத்து நிலத்தில்தான் பாய்ச்ச வேண்டுமா, அதில் எது எவ்வளவு இருக்கலாம், எப்போதெல்லாம் சோதித்துக் கணக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த உரிமத்தின் நிபந்தனைகள். அதிகாரி ஆலைக்குள் நுழைந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பது இவற்றைத்தான். நாற்றமடிக்கிறது, மீன் சாகிறது என்ற உங்கள் புகார் நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும், அதை இந்த நிபந்தனைகளில் ஒன்றோடு பொருத்திக் காட்டினால்தான் அவரால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும்.

இலாகாவால் எதுவும் ஆகாது என்று அடித்துச் சொல்பவர்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970-களில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய வேகத்தில், ஆலைக் கழிவு அப்படியே ஆற்றில் விழுந்தது. பழக்குலைகளை நீராவியில் வேகவைத்து எண்ணெயைப் பிரித்த பிறகு சூடாக வெளிவரும் அந்தப் பழுப்புக் குழம்பின் பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து எவ்வளவு பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும் என்பதைச் சொல்லும் அளவு அது. நம் நாட்டு வெப்பத்தில் நல்ல ஆற்று நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்திருக்கும். அந்தக் கணக்கில், சுத்திகரிக்காத கழிவு ஒரு லிட்டர் ஆற்றில் விழுந்தால் ஏறக்குறைய 3,000 லிட்டர் தண்ணீரின் மூச்சு போய்விடும். 1977-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆலைகளை ஒரே நாளில் திருந்தச் சொல்லவில்லை. 1978-இல் 5,000 மில்லிகிராம், அடுத்த ஆண்டு 2,000, பிறகு 1,000, 500, 250 என்று ஆண்டுக்காண்டு இறக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்து நிறுத்தின. உங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகத் தெரியும் குளங்கள் அந்தக் கெடுபிடியில் வந்தவைதாம். எண்ணெய் உற்பத்தி பெருகிக்கொண்டே போன அதே ஆண்டுகளில் ஆறுகளில் விழும் கழிவின் பாரம் குறைந்தது என்பது, இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், எனக்கு இன்றும் பெரிய சாதனையாகவே படுகிறது. இப்போது சில ஆலைகளுக்கு உரிமத்தின் வழியாக 20 மில்லிகிராம் வரைகூடக் கேட்கிறார்கள். உங்கள் பக்கத்து ஆலைக்கு எந்த எண், எந்த வெளியேற்று இடம் என்பதை இலாகாவிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

இனி, யார் பொறுப்பு என்ற குழப்பம். சுற்றுச்சூழல் இலாகா கூட்டரசு இலாகா. தலைமையகம் புத்ராஜெயாவில், மாநிலத்துக்கு ஓர் அலுவலகம், சிலாங்கூருக்கானது ஷா ஆலாமில். பெயர்ப் பலகையில் மாநிலத்தின் பெயர் இருப்பதால், மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடும் என்று நம்மவர்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் போய் நிற்கிறார்கள். போவதில் தவறில்லை, கூட வந்து பேசுவார். ஆனால் அந்த அலுவலகம் பதில் சொல்ல வேண்டியது தன் தலைமை இயக்குநருக்கு. நிலமும் ஆறும் அரசியலமைப்புப்படி மாநிலத்தின் கையில் இருக்கின்றன. அதனால்தான் சிலாங்கூர் 1999-இல் தனிச் சட்டம் போட்டு, லுவாஸ் என்று நாம் சொல்லும் நீர் நிர்வாக வாரியத்தை அமைத்தது. ஆற்றிலிருந்து யார் தண்ணீர் எடுக்கலாம், ஆற்றுக்குள் யார் எதை விடலாம் என்பதில் அதற்கும் அதிகாரம் உண்டு. தாமானுக்குள் ஓடும் சாக்கடை, கொசு, குப்பை நகராண்மைக் கழகத்தின் பாடு. பெரிய கால்வாய்கள் பெரும்பாலும் நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் பராமரிப்பில் இருப்பவை. ஆக, அதே கறுப்புத் தண்ணீர் குளத்துக் கரையைத் தாண்டும்போது ஓர் இலாகா, கால்வாயில் ஓடும்போது இன்னொன்று, ஆற்றில் கலக்கும்போது மூன்றாவது என்று கைமாறுகிறது. நகராண்மைக் கழகத்தில் உங்களுக்குச் சொன்னது பொய்யில்லை. ஆனால் புகாரை அவர்களே உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டு அதன் எண்ணை உங்கள் கையில் கொடுத்திருக்கலாம். அந்த மரியாதையை எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் மாவட்டத்தில் லுவாஸை விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பாதிக்கு மேல் சுங்கை சிலாங்கூரிலிருந்து எடுக்கப்படுகிறது. அதைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கம், நம் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் ஊரையொட்டி இருக்கின்றன. 2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத்தில் சுங்கை கோங்கில் கழிவு கலந்தபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. பத்து இலட்சத்துக்கும் அதிகமான கணக்குகளுக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகு மாநில அரசு லுவாஸ் சட்டத்தின் தண்டனைகளைக் கடுமையாக்கியது. ஆகவே உங்கள் கால்வாய் எந்த ஆற்றில் போய் விழுகிறது, அந்த இடம் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலேயா கீழேயா என்பதை விசாரித்துப் புகாரில் எழுதுங்கள். மேலே என்றால், உங்கள் புகாரை யாரும் மேசையில் கிடக்கவிட மாட்டார்கள்.

அதிகாரிகள் வந்தபோது தண்ணீர் தெளிந்திருந்த கதைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று தகவல்கள் எனக்கு மிகவும் உதவின: மழைக்கு மறுநாள், விடிகாலை, திலாப்பியா. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு இரவு முழுவதும் இறங்கிக்கொண்டே வந்து, சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் அடிமட்டத்தைத் தொடும். பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் அதை மறுபடி ஏற்றிவிடும். கழிவு கலந்த தண்ணீரில் மீன் செத்துப் போகும் நேரம் பெரும்பாலும் அதுதான். விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும். திலாப்பியாவால் அது முடியாது. ஆகவே அடுத்த முறை மீன் மிதந்தால் என்னென்ன மீன் என்று பார்த்துக் குறித்து வையுங்கள். விராலும் கெளுத்தியும் சேர்ந்தே செத்திருந்தால் நான் ஆலையை விட்டுவிட்டு, தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்தை முதலில் சந்தேகிப்பேன்.

மழைக்கு மறுநாள் என்பது குளங்களின் உடல்நிலையைப் பற்றிச் சொல்கிறது. கழிவு முதலில் சூடு தணிவதற்கான குளத்தில் விழுந்து, பிறகு காற்றில்லாத ஆழமான குளங்களில் வாரக்கணக்கில் கிடந்து, கடைசியில் ஆழம் குறைந்த குளங்கள் வழியாக வெளியேறுவதுதான் ஏற்பாடு. அந்த ஆழமான குளங்களின் அடியில் சேறு சேர்ந்துகொண்டே போகும். அதை அள்ளாமல் தள்ளிப்போடும் நிர்வாகம் உண்டு. அள்ளச் செலவு அதிகம், குளமோ மேலிருந்து பார்த்தால் நிறைந்த குளமாகவே தெரியும். ஆனால் பாதிக் குளம் சேறாகிவிட்டால் கழிவு தங்க வேண்டிய நாளில் பாதிதான் தங்கும். பழம் குவியும் மாதங்களில் ஆலை கூடுதல் நேரம் ஓடும்போது, அதன்மேல் ஒரு பெருமழையும் விழுந்தால், வேகாத சோற்றை இறக்கிப் பரிமாறியதுபோல் பாதி சுத்திகரித்த தண்ணீர் கரையைத் தாண்டிவிடும். இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. சில ஆலைகளுக்குக் கழிவுநீரைச் செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெட்டிய பள்ளங்களில் பாய்ச்ச உரிமம் தரப்படுகிறது. அப்படிப் பாய்ச்சும் தண்ணீருக்கு ஆற்றில் விடுவதற்கான அளவைவிட வெகு தாராளமான அளவு, லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை, அனுமதிக்கப்படுவது உண்டு. அது நிலத்துக்குள் இறங்கும் வரை நல்லது, உரச் செலவுகூட மிச்சம். மழையில் அந்தப் பள்ளங்கள் வழிந்தால் நேராகக் கால்வாய்க்குத்தான் வரும். உங்கள் ஊர் ஆலை இவற்றில் எது என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. வேண்டுமென்றே திறந்துவிட்டார்கள் என்று நீங்களும் எழுத வேண்டாம். நிரூபிக்க முடியாத ஒரு வரி, நிரூபிக்கக்கூடிய பத்து வரிகளையும் கெடுத்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்பி வாதாடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். எல்லா அளவுக்கும் உட்பட்டு, முறையாகச் சுத்திகரித்த ஆலைத் தண்ணீரும் கட்டித் தேயிலை நிறத்தில்தான் இருக்கும். 1977-ஆம் ஆண்டு விதிமுறைகளில் நிறத்துக்கு அளவு இல்லை. நாற்றமும் அப்படியே. காற்றில்லாத குளம் அழுகிய முட்டை வாடை விடுவது அதன் இயல்பு. வாடை திடீரென்று பலமடங்கானால் குளம் சீர்கெட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவே. தெளிந்த தண்ணீரும் ஆலைக்கு நற்சான்று ஆகாது. ஓடும் கால்வாய் சில நாட்களில் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்.

அதிகாரி மாதிரி எடுக்கும்போது நடப்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்குப் பொறுமையும் வரும், கேட்க வேண்டியதும் புரியும். உரிமத்தில் எழுதியிருக்கும் கடைசி வெளியேற்று இடத்துக்கு ஆலை ஊழியரோடு போவார். சூட்டையும் அமில-காரத்தன்மையையும் அங்கேயே அளப்பார். எண்ணெய்ப் பசைக்குத் தனியாகக் கண்ணாடிப் போத்தலிலும் மற்றவற்றுக்கு வேறு போத்தல்களிலும் தண்ணீர் பிடித்து, சீல் வைத்து, நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டு ஐஸ் பெட்டியில் வைப்பார். அது இரசாயன இலாகாவுக்குப் போகும், பி.ஓ.டி. சோதனைக்கு மட்டும் 30 டிகிரி சூட்டில் 3 நாள் வைத்திருக்க வேண்டும். போத்தல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதில் ஒரு கண்ணி அறுந்தாலும் நீதிமன்றத்தில் வழக்கு நிற்காது. நீங்கள் மினரல் வாட்டர் போத்தலில் பிடித்து வீட்டு ஐஸ்பெட்டியில் வைத்த தண்ணீர் சாட்சியாகாது என்பதன் காரணம் இதுதான். அதற்குப் பதிலாக, அதிகாரிகள் வரும்போது ஆலையின் வெளியேற்று இடத்தோடு நிற்காமல், அது கால்வாயில் சேரும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் மாதிரி எடுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மேலேயும் வெளியேற்று இடத்திலும் தண்ணீர் நன்றாக இருந்து, கீழே மட்டும் கெட்டிருந்தால், உரிமத்தில் இல்லாத வேறு வழியாகத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். அதுவும் உரிமத்தை மீறிய செயல்தான்.

புகாரை எப்படி எழுதுவது? இலாகாவின் இணையப் புகார்ப் பக்கத்திலும் 1-800-88-2727 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலும் சொல்லலாம். எதில் சொன்னாலும் புகார் எண்ணை வாங்காமல் விடாதீர்கள். மலாயில் எழுதுங்கள், சுருக்கமாக எழுதுங்கள். இந்த அளவில் இருந்தால் போதும்: "இன்ன தேதி விடியற்காலை 6.15 மணிக்கு, எங்கள் தாமானின் இன்ன சாலை முனையில் உள்ள பாலத்தின் அடியில், கால்வாய் நீர் கரும்பழுப்பாக ஓடியது. மீன்கள் இறந்து மிதந்தன. முந்தைய இரவு 10 மணி முதல் மழை. ஆலையின் கடைசிக் குளத்துப் பக்கமிருந்து நீர் வருவது படத்தில் தெரிகிறது. இடக்குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது. மழைக்கு மறுநாள் அதிகாலையில் சோதனை நடத்துமாறும், நிலப்பாசன உரிமம் இருப்பின் அப்பகுதியையும் பார்க்குமாறும் வேண்டுகிறோம்." கோபத்தைக் காட்டும் வரி எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே சம்பவத்துக்கு முப்பது பேர் முப்பது குறுஞ்செய்தி அனுப்புவதைவிட, ஒவ்வொரு மழைக்கும் ஒரு பதிவு என்று சங்கத்தின் பெயரில் வரிசையாகச் சேர்வது மிகவும் பலமானது. உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில் ஆலையின் கோப்பில் அந்த வரிசை இருக்கும். பதிலே வராமல் போனால் பிரதமர் துறையின் கீழுள்ள பொதுப் புகார்ப் பிரிவுக்கு, பழைய புகார் எண்களோடு எழுதுங்கள்.

கம்பவுண்டு பற்றிய உங்கள் கசப்பு நியாயமானது. சட்டத்தில் அதன் உச்ச அளவு நெடுங்காலமாக 2,000 வெள்ளியாகத்தான் (ரிங்கிட்) இருந்தது. நாளெல்லாம் எண்ணெய் பிழியும் ஆலைக்கு அது பெட்ரோல் காசு. ஜொகூர் மாநிலத்தின் பாசீர் கூடாங்கில் 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம்மில் கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்று, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்ட பிறகுதான், தண்டனைகள் போதவில்லை என்ற பேச்சு நாடாளுமன்றம் வரை பலமாகக் கேட்டது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த திருத்தம் கடுமையான குற்றங்களுக்கான உச்ச அபராதத்தை ஒரு கோடி வெள்ளிக்கு உயர்த்தியது. கம்பவுண்டின் உச்ச அளவும் வெகுவாக ஏறியது. ஆனால் நீதிமன்றத்துக்குப் போக அரசுத் தரப்பு வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதற்கு நான் மேலே சொன்ன போத்தல் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே இலாகாவால் செய்யக்கூடியவை உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் இன்னதைச் சீர்செய் என்று 31-ஆவது பிரிவின் கீழ் உத்தரவு அனுப்பலாம், இயந்திரத்தை இயக்கவிடாமல் சீல் வைக்கலாம், உரிமத்தை இடைநிறுத்தலாம்.

ஆலையை மூடச் சொல்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். ஆலை நின்றாலும் குளங்கள் நிறைந்தே இருக்கும். பம்பைப் பார்க்க ஆளில்லாமல், கரையில் புல் மண்டிக் கிடக்கும் குளம் அடுத்த பெருமழையில் உடைந்தால், இப்போது வருவதைப்போல் பல மடங்கு உங்கள் கால்வாயில் வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூடு என்று கேட்க மாட்டேன். ஆழமான குளங்களில் சேற்றை எப்போது கடைசியாக அள்ளினார்கள், அடுத்து எப்போது, கரைக்கும் நீர்மட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி, கால்வாய்ப் பக்கத்துக் கரையை உயர்த்துவார்களா என்று கேட்பேன். இவற்றை உத்தரவாகப் போடும்படி இலாகாவிடம் எழுதுவேன். இதே கேள்விகளை ஆலை நிர்வாகத்திடமும் நேரடியாகக் கேட்கலாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய ஒருவர் ஆலையில் இருக்க வேண்டும். அவரைச் சந்திக்க வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுங்கள். 2020 முதல் கட்டாயமாகியிருக்கும் எம்.எஸ்.பி.ஓ. என்ற நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழுக்கு, சுற்றுவட்டார மக்களின் புகார்களைப் பதிந்து பதில் சொல்லும் முறை ஆலையில் இருந்தாக வேண்டும். கடிதத்தின் நகலில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

இலாகாவிடம் கேட்டுப் பயனில்லாதவை இரண்டு. முதலாவது, குளங்களுக்கு இவ்வளவு அருகில் தாமான் கட்ட விட்டது. மனை திட்டத்துக்கு அனுமதி தருவது நகராண்மைக் கழகம். இலாகா கருத்துச் சொல்லும், அவ்வளவே. ஆலை முதலில் வந்ததா, தாமான் முதலில் வந்ததா என்று நிர்வாகம் வாதாடினால் அசந்துவிடாதீர்கள். யார் முதலில் வந்தாலும் உரிம நிபந்தனை மாறாது. அனுமதி தொடர்பான கோப்புகளைப் பார்க்க விரும்பினால், சிலாங்கூரில் 2011-இல் இயற்றிய தகவல் அறியும் சட்டம் உங்களுக்குக் கை கொடுக்கும். அது நகராண்மைக் கழகம், லுவாஸ் போன்ற மாநிலத் தரப்புக்குத்தான் பொருந்தும். கூட்டரசு இலாகாவான சுற்றுச்சூழல் இலாகாவிடம் அதைக் காட்டிக் கேட்க முடியாது. இரண்டாவது, நஷ்டஈடு. கால்வாயோரத்தில் யாராவது மீன்குளம் வைத்து நஷ்டப்பட்டிருந்தால், அவர் ஆலைமீது சிவில் வழக்குத் தொடுக்க வேண்டும். பொதுவாக ஆறு ஆண்டுக் கெடு உண்டு. இலாகாவின் சோதனை முடிவு அங்கே உதவும், இலாகாவே பணம் வாங்கித் தராது.

கடைசியாக, உங்கள் கொழுந்தனார். ஆலைக்குள் நடப்பதை அவரிடம் கேட்டுப் புகாரில் சேர்க்க வேண்டாம். பாய்லர் பகுதியில் இருப்பவருக்குக் குளங்களின் கதை முழுவதும் தெரிந்திருக்காது. ஆனால் தகவல் கசிந்தால் முதலில் பார்வை விழுவது தாமானில் உறவு உள்ள தொழிலாளிமீதுதான். அவராகவே ஏதாவது சொல்ல விரும்பினால், 2010-ஆம் ஆண்டின் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு, அமலாக்க அதிகாரியிடம் நேரடியாகச் சொன்னவருக்குத்தான். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டவருக்கோ நிருபரிடம் சொன்னவருக்கோ கிடைக்காது. உங்கள் புகாரில் அவர் பெயரோ, ஆலை வேலிக்குள் எடுத்த படமோ வேண்டாம். வேலிக்கு இந்தப் பக்கம், பாலத்தின்மேல் நின்று உங்கள் சங்கத்தார் பார்த்ததை மட்டும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். அடுத்த மழைக்கு முன் இலாகாவிடமும் லுவாஸிடமும் உரிம விவரம் கேட்கும் கடிதங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது.